பழைய போட்டோ, நெகட்டிவ், ஃபிலிம் ரீல்: பார்சல் கட்டுவதற்கு முன்

அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிற குடும்பங்களில், ஊர் வீட்டைக் காலி செய்கிற சமயத்தில்தான் போட்டோக்களைப் பற்றிய பேச்சே வரும். பரண் மேலிருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கினால் கல்யாண ஆல்பம், ஸ்கூல் குரூப் போட்டோ, யார் என்று பாட்டிக்கு மட்டுமே தெரிந்த ஒரு ஸ்டூடியோ படம், பழுப்புக் கவரில் சுருண்டு கிடக்கும் நெகட்டிவ்கள், யாரோ சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எடுத்த சூப்பர் 8 வீட்டு சினிமா ரீல், அடியில் இரண்டு வீடியோ கேசட் என்று வந்துகொண்டே இருக்கும். உடனே பெங்களூரிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ ஒருவர், "எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு எனக்கு அனுப்பிடு, நான் ஸ்கேன் பண்ணிக்கிறேன்" என்பார். அந்தப் பெட்டியைக் கட்டப்போகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்சல் என்றதும் எல்லாரும் உடைந்துவிடுமோ, மடங்கிவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். கண்ணாடி போட்ட படங்களைத் தவிர இதில் உடைவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, மடங்காமல் பார்த்துக்கொள்வதும் பெரிய வித்தை இல்லை. படங்களைக் கெடுப்பது ஈரம். படங்களை அடியோடு இல்லாமல் ஆக்குவது, இருக்கிற ஒரே பிரதியையும் அதன் நெகட்டிவையும் சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிற பழக்கம். இந்த இரண்டையும் கவனித்துவிட்டால் மீதி வெறும் அட்டையும் டேப்பும்தான்.

முதலில் போனை எடுங்கள்

பெட்டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் எல்லாப் படங்களையும் செல்போனில் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். இது ஸ்கேனுக்கு மாற்று இல்லை, பெட்டி தொலைந்துபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கான பதில், அதனால் தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வேகமாக எடுத்துத் தள்ளலாம். ஜன்னலோரம் தரையில் வெள்ளை வேட்டி விரித்து, ஃபிளாஷை அணைத்து, டியூப் லைட்டையும் அணைத்துவிட்டு எடுத்தால் பளபளப்புத் தெறிக்காது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னப் படங்கள் கட்டிலுக்கடியில் போய்விடும். ஆல்பமாக இருந்தால் தனித்தனிப் படமாக எடுப்பதற்கு முன் பக்கத்தை முழுசாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் ஒட்டியிருந்தது என்பதும் ஒரு தகவல்தான், பெயர் தெரியாத ஆளை அடையாளம் காண அதுதான் உதவும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, "அன்புள்ள மாமாவுக்கு" என்று மைப்பேனாவில் எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்படியே அத்தையையோ பெரியம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, யார் எவர் என்று கேட்டு வாய்ஸ் ரெக்கார்ட் செய்துவிடுங்கள். படம் வெளியூர் போய்விட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை. படத்தின் மேல் மட்டும் எதையும் எழுத வேண்டாம். பால்பாயின்ட் பேனா பின்பக்கத்தில் அழுத்தினால் முன்பக்கத்தில் தழும்பு தெரியும், மார்க்கர் மை ஊறி இந்தப் பக்கம் வரும். பழைய காகிதப் படமாக இருந்தால் 2பி பென்சிலில் ஓரமாக, அழுத்தாமல் ஒரு எண் மட்டும் போடலாம். 1970-களுக்குப் பிந்தைய கலர் பிரிண்டுகளின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பிடிக்காது, அவற்றுக்குக் கவரின் மேல் எண் எழுதிவிட்டு, எண்ணுக்கு நேரே விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். கவரில் எழுதுவதைப் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

இரண்டு பார்சல், இரண்டு நாள்

பிரிண்டும் அதன் நெகட்டிவும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம். பிரிண்டுகள் போய்ச் சேர்ந்ததாக போன் வந்தபிறகு நெகட்டிவ் கிளம்பட்டும். கூரியர் செலவு இரட்டிப்பாகும்தான், ஆனால் பிரிண்ட் தொலைந்தால் நெகட்டிவிலிருந்து திரும்ப எடுக்கலாம், நெகட்டிவ் தொலைந்தால் பிரிண்டை ஸ்கேன் செய்துகொள்ளலாம். இரண்டும் ஒரே வண்டியில் போய் அந்த வண்டி மழையில் நின்றால் இரண்டும் போச்சு. கல்யாண ஆல்பத்தின் இன்னொரு பிரதி சம்பந்தி வீட்டில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்பதிலும் தப்பில்லை, பல குடும்பங்களில் இருக்கும்.

யாராவது நேரில் போகிறார்கள் என்றால் அவர்கள் கையில் கொடுத்தனுப்புவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. விமானத்தில் போனால் கேபின் பையில், ரயிலில் போனால் தலைமாட்டில். டெவலப் செய்து முடித்த நெகட்டிவ், பிரிண்ட், ரீல், வீடியோ கேசட் எதையும் விமான நிலைய எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, அந்தப் பயம் வேண்டாம். டெவலப் செய்யாத ஃபிலிமின் கதை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஈரம்

போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற பசை. காற்றில் ஈரம் ஏறினால் அது ஊதி இளகும், பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியோ, பிளாஸ்டிக்கோ, இன்னொரு போட்டோவோ அதற்கு ஒன்றுதான். பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது நல்ல சாப்பாடு வேறு. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். அந்தக் காற்றையும் சேர்த்து ஜிப் பைக்குள் அடைத்து ஒட்டிவிட்டுப் பத்திரமாகக் கட்டிவிட்டோம் என்று நினைப்பதுதான் வினை. பார்சல் குளிரான இடத்துக்குப் போனதும், விமானத்தின் சரக்கு அறையோ வெளிநாட்டுக் குளிர்கால கிடங்கோ எதுவானாலும் சரி, பைக்குள் இருந்த ஈரக்காற்று நீராகப் படங்களின் மேலேயே படியும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம், வெயிலில் நிற்கிற டெலிவரி வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். வீட்டில் ஏசி அறை இருந்தால் முந்தின நாள் இரவே படங்களை அங்கே பரப்பி வைத்து, மறுநாள் அதே அறையில் உட்கார்ந்து பையில் போட்டு மூடுங்கள். ஏசி இல்லாவிட்டால் மழையில்லாத நாளில், மதியம் பன்னிரண்டுக்கு மேல் நான்கு மணிக்குள். காலையில் பனி ஈரம் இருக்கும். வெயிலில் காயவைக்கிற வேலை மட்டும் வேண்டாம், படம் சுருண்டு மேல்பூச்சு வெடித்துவிடும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், போட வேண்டும். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்: நீலமாக இருப்பது ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிறத்தில் வருவது பச்சையாகவோ வெளுப்பாகவோ மாறும். புது ஷூ டப்பாவில் வந்ததை எடுத்துப் போட்டால் அது எப்போதோ ஈரம் குடித்துத் தீர்ந்து போயிருக்கும், பலன் இல்லை. பொட்டலம் படத்தின் மேல் நேரடியாகப் படக்கூடாது, ஒரு காகிதக் கவருக்குள் போட்டுப் பையின் ஓரத்தில் வையுங்கள். அந்துருண்டை, கற்பூரம், வேப்பிலை, இதெல்லாம் புடவைக்குச் சரி. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கையும் படத்தையும் பாதிக்கும், வேப்பிலையில் இருக்கும் ஈரமும் சாறும் கறை பிடிக்கும்.

எதில் சுற்றுவது

எதில் சுற்றக்கூடாது என்று சொன்னால் சீக்கிரம் முடியும். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும், தாளிலேயே அமிலம் இருக்கிறது. ரப்பர் பேண்ட் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியால் உருவான கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுக்க வைக்கும், உருகி ஒட்டவும் செய்யும். ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின், குண்டூசி இருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள், துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டு மேலே ஒரு தாள் வையுங்கள். செல்லோ டேப் படத்தைத் தொடவே கூடாது. பபுள் ராப்பைப் படத்தின் மேல் நேராகச் சுற்றினால் சூட்டில் வட்ட வட்டமாக அச்சு விழும். அது வெளிச்சுற்றுக்கு மட்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வழவழப்பான பட்டர் பேப்பரும் ஈரம் பட்டால் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் அதையும் தவிர்க்கலாம்.

ஆசிட் ஃப்ரீ பேப்பர் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்க முடிந்தால் அதுவே உத்தமம். இல்லையா, ஒரு கட்டு நல்ல வெள்ளை ஜெராக்ஸ் பேப்பர் வாங்குங்கள். இப்போது வருகிறவை பெரும்பாலும் அமிலம் இல்லாதவைதான், பயணம் செய்கிற சில வாரங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு படம், ஒரு தாள், ஒரு படம், ஒரு தாள் என்று அடுக்கி, ஒரே அளவுப் படங்களாகச் சேர்த்து, ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் சின்னக் கட்டுகளாக வையுங்கள். கட்டைக் காகிதப் பட்டையால் சுற்றி, டேப்பைப் பட்டையின் மேல் மட்டும் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் என்றால் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் மூன்றும் சரி, சாதாரண ஜிப் பை பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான். பி.வி.சி. வேண்டாம்; புது ரெயின்கோட் வாடை அடித்தால் அது பி.வி.சி. என்று ஒதுக்கிவிடுங்கள்.

சுருண்டு போன படத்தைக் கையால் நீவி நிமிர்த்தாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கம் கொண்டே போகாதீர்கள். சுருள் எவ்வளவோ அந்த அளவுக்கு அகலமான ஒரு டப்பாவில் லேசாகக் காகிதம் திணித்து அப்படியே அனுப்புங்கள், நிமிர்த்துகிற வேலையை ஈரப்பதம் பார்த்துச் செய்யத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

குரூப் போட்டோ

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு குடும்பத்தில் அதிகம் சேதமாகிற படம் இதுதான். ஹைஸ்கூல் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்போ, ஆபீஸ் பிரிவுபசாரமோ, நடுவில் தலைமை ஆசிரியர் மாலையோடு உட்கார்ந்திருக்க, காலடியில் இரண்டு பையன்கள் ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே வரிசைவாரியாகப் பெயர்கள் அச்சிட்ட அந்தப் பெரிய படம். படம் கெடுவதற்கு முன்பே அது ஒட்டியிருக்கும் மவுண்ட் அட்டை தளர்ந்துபோயிருக்கும். மட்டமான மரக்கூழில் செய்த அட்டை, அதிலுள்ள அமிலமே அதைத் தின்று, மூலையைப் பிடித்துத் தூக்கினால் அப்பளம் போல நொறுங்கும். நொறுங்குவது பெயர்கள் இருக்கிற கீழ்ப்பகுதியில்தான் முதலில் ஆரம்பிக்கும், அங்கேதான் எல்லாரும் கைவைத்துத் தூக்குகிறார்கள்.

அதனால் தூக்காதீர்கள், அடியில் ஒரு கெட்டி அட்டையை நுழைத்து அட்டையோடு தூக்குங்கள். மவுண்டைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இரண்டு நெளி அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே ஓடுகிற வரிகள் ஒன்றில் நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் வருகிற மாதிரி வெட்டினால் இரண்டும் சேர்ந்து எந்தப் பக்கமும் வளையாது. ஜெராக்ஸ் பேப்பரில் நான்கு முக்கோணப் பைகள் மடித்து, படத்தின் நான்கு மூலையையும் அதில் செருகி, டேப்பைப் பையின் மேலும் அட்டையின் மேலும் மட்டும் ஒட்டினால் படம் ஆடாது, படத்தில் ஒரு துளி பசையும் படாது. மேலே ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் இரண்டாவது அட்டை, நான்கு பக்கமும் டேப். இதே முறை ஸ்டூடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களுக்கும் பொருந்தும். அந்த வண்ணம் பல சமயம் நீரில் கரையும், ஈரத் துணியால் துடைத்தால் பாட்டியின் பட்டுப்புடவைச் சிவப்பு உங்கள் கைத்துணிக்கு வந்துவிடும்.

ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள்

கறுப்புத் தாளில் மூலைப்பைகள் ஒட்டி, நடுநடுவே சிலந்திவலைக் கோலம் போட்ட மெல்லிய தாள் வைத்த பழைய ஆல்பத்தை அப்படியே அனுப்புங்கள். கழன்று கிடக்கும் படங்களை மட்டும், எந்தப் பக்கம் என்று எழுதிய கவரில் போட்டு அந்தப் பக்கத்திலேயே வையுங்கள். ஆல்பத்தை இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து, அகலமான பருத்தி நாடாவால் கட்டி, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி கூடாது என்பதற்குக் காரணம் பூச்சி, மாவுச்சத்து என்றால் அதற்கு உயிர். சணல் கயிறு ஓரத்தை அறுக்கும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுகிற ஒட்டும் ஆல்பம்தான் தலைவலி. அந்தப் பசை பழுப்புக் கோடுகளாகக் காய்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் படம் முதுகு கிழிந்து வரும், ஹேர் டிரையர் காட்டினால் ஒரு படம் வரும், அடுத்தது உருகும். ஊரில் உட்கார்ந்து இதை முயற்சி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. முழு ஆல்பமாக அனுப்பிவிடுங்கள்; வாங்குகிறவர் பக்கத்தோடு வைத்து ஸ்கேன் செய்யட்டும், அப்புறம் பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு அறுத்து எடுக்கட்டும்.

சுவரில் மாட்டியிருந்த படங்கள்

இதற்கு முதல் வேலை அனுமதி வாங்குவது. காலமானவர் படத்தைச் சட்டத்திலிருந்து பிரிப்பதைப் பெரியவர்கள் சிலர் விரும்ப மாட்டார்கள், நாள் பார்க்கச் சொல்வார்கள். சொன்னால் பாருங்கள், ஒரு வாரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. அனுமதி கிடைத்ததும் காய்ந்த மாலை நார், ஆணி, கம்பி எல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடி மேலிருக்கும் சந்தனப் பொட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடி துடைக்கிற திரவம் அடிக்காதீர்கள், அது ஓரத்தில் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும்.

இப்போது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அங்கங்கே ஈரம் பட்ட மாதிரி பளபளவென்று திட்டுகள் தெரிந்தால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஒட்டவில்லை என்றால் குப்புறப் போட்டு, பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளை பிளேடால் கீறி, சின்ன ஆணிகளைக் குறட்டால் எடுத்து, படத்தை மட்டும் குரூப் போட்டோ மாதிரி அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். சட்டமும் கண்ணாடியும் எந்த ஊரிலும் கிடைக்கும். உள்ளே படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் இருப்பது அபூர்வமில்லை, தாங்கு அட்டைக்குப் பதிலாகப் பழைய படத்தையே வைத்துச் சட்டம் போட்டிருப்பார்கள், பார்த்து எடுங்கள்.

கண்ணாடியோடுதான் போக வேண்டும் என்றால், கண்ணாடியின் வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பை குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு நகர்ந்து படத்தைக் கீறாது. பெட்டியில் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தாலும் இதேபோல் ஒவ்வொன்றையும் தாளில் மடித்து, நிறுத்திதான் வைக்க வேண்டும். படுக்கப்போட்டு அடுக்கினால் அடியிலிருப்பது மேலே இருப்பதன் எடையிலேயே விரிசல் விடும்.

நெகட்டிவும் ரீலும்: முதலில் மோந்து பாருங்கள்

ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த சதுர நெகட்டிவ்கள், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்கள், அப்புறம் வந்த 35 மி.மீ. கலர் நெகட்டிவ்கள், இவைதான் நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பவை. ஓரத்தை மட்டும் பிடித்து, ஒரு துண்டுக்கு ஒரு காகிதக் கவர் என்று போடுங்கள். ஸ்டூடியோ கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே ஒட்டிப்போயிருந்தால் உறையோடு அனுப்புங்கள்.

கவரைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறினால், அது அசிடேட் ஃபிலிம் அழுக ஆரம்பித்ததன் அடையாளம். அசிட்டிக் அமிலம் வெளியாகிறது, வெளியான அமிலமே அழுகலை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் பிடிக்கும். இவற்றைத் தனிப் பெட்டியில், காகித உறையில், ஜிப் பையில் இறுக்கி மூடாமல் அனுப்புங்கள். இவற்றின் ஸ்கேனைத்தான் முதலில் முடிக்கச் சொல்ல வேண்டும், காத்திருக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் நைட்ரேட், சுலபமாகத் தீப்பிடிக்கிற பழைய வகை ஃபிலிம். 1950-க்கு முந்தைய நெகட்டிவ்களிலும், முக்கியமாக 35 மி.மீ. சினிமா ஃபிலிமிலும் இது இருக்கலாம். கோடக் நைட்ரேட் சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது 1951-ல்தான். சேலத்திலோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பழைய ஸ்டூடியோவில், விநியோக ஆபீஸில், டூரிங் டாக்கீஸில் வேலை பார்த்தவர் வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இது எரியும்போது தானே ஆக்சிஜனை வெளிவிடும், தண்ணீருக்கடியிலும் எரியும். 2003 ஜனவரியில் பூனா திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் பிடித்த தீயில் இந்தியாவின் பழைய நைட்ரேட் படங்கள் நிறைய அழிந்தன. ஃபிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி. 'நைட்ரேட்' என்று இருந்தாலோ, எதுவும் இல்லாமல் பழுப்பேறி, பிசுபிசுத்து, கெட்ட வாடை அடித்தாலோ அதைத் தபாலிலும் கூரியரிலும் அனுப்பவே கூடாது. சர்வதேச ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்கு ஐ.நா. 1324 என்று தனி எண்ணே இருக்கிறது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கிற யோசனை யாராவது சொன்னால் அவரை முதலில் வெளியே அனுப்புங்கள். டப்பாவை வெயில் படாத, அடுப்பில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துவிட்டு, பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்பதுதான் வழி.

சூப்பர் 8, 8 மி.மீ. வீட்டுப்படங்களுக்கு இந்தப் பயம் இல்லை, கோடக் அவற்றை ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பு ஃபிலிமில்தான் தயாரித்தது. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று பழைய புரொஜெக்டரைத் தேடாதீர்கள். காலத்தில் ஃபிலிம் சுருங்கியிருக்கும், பல்சக்கரம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும். வால் நுனியைக் காகிதப் பட்டையால் சுற்றி, டப்பாவில் ஆடாமல் தாள் வைத்து, படுக்க வைத்து அனுப்புங்கள். 50 அடி சின்ன ரீல் ஒன்று மூன்று நிமிடம் இருபது விநாடிதான் ஓடும், முழுக் கல்யாணமும் அதில் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வீடியோ கேசட்டை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், புத்தகம் மாதிரி. டேப் ஒரு பக்கமாக முழுசாகச் சுற்றியிருந்தால் நல்லது. ஜன்னல் வழியே பார்க்கும்போது டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, அதை எந்த வி.சி.ஆரிலும் போடாமல் தனிப்பையில் கட்டுங்கள். ஸ்பீக்கர், காந்தம் பக்கத்தில் வேண்டாம்.

டெவலப் செய்யாத ரோல் ஒன்று கேமராவுக்குள்ளேயே கிடந்தால் அதை எக்ஸ்ரே கெடுக்கும், வெளிநாட்டுப் பார்சலில் எக்ஸ்ரேயைத் தவிர்க்க வழியே இல்லை. உள்ளூரிலேயே டெவலப் செய்துவிட்டு நெகட்டிவாக அனுப்புங்கள். அது கோடக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிமான கோடாகுரோமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், அதற்கான கலர் டெவலப்பிங்கை உலகத்திலேயே கடைசியாகச் செய்த அமெரிக்க லேபும் 2011 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

பெட்டியும் அனுப்புவதும்

மளிகைக் கடை அட்டைப்பெட்டி வேண்டாம். எண்ணெய், சோப்பு வாடை, கரப்பான் முட்டை எல்லாம் சேர்ந்து வரும். புது ஃபைவ் ப்ளை பெட்டி இரண்டு வாங்குங்கள், ஒன்று மற்றொன்றுக்குள் எல்லாப் பக்கமும் மூன்று விரல் இடைவெளியோடு போகிற அளவில். உள்பெட்டியில் கட்டுகளை அடுக்கி, ஆடாமல் தாள் திணித்து, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றி மூடி, வெளிப்பெட்டிக்குள் வைத்து இடைவெளியைப் பபுள் ராப்பால் நிரப்புங்கள். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் திறந்து திரும்பவும் திணியுங்கள். எட்டு கிலோவுக்கு மேல் போகவிடாதீர்கள். கனமான பெட்டியை யாரும் இறக்கி வைப்பதில்லை, போடுகிறார்கள். 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கர் ஒட்டினால் மனசுக்குத் திருப்தி, அவ்வளவுதான். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குமா என்று நினைத்துக் கட்டுங்கள். முகவரியை உள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள், மேலே ஒட்டியது கிழிந்தால் அதுதான் காப்பாற்றும்.

ஆம்னி பஸ் பார்சல் மலிவு, மறுநாள் காலையில் போய்விடும், எல்லாருக்கும் பழக்கம். ஆனால் பஸ்ஸின் வயிற்றுக்குள் இஞ்சின் சூடு, மழை பெய்தால் தரையில் தண்ணீர், பக்கத்தில் மீன் பெட்டியோ பைக்கோ. வேண்டாம். ஸ்பீட் போஸ்ட் போதுமானது. 2025-ல் பதிவுத் தபாலும் அதோடுதான் சேர்க்கப்பட்டுவிட்டது. திங்கள் காலையில் அனுப்பினால் சனி, ஞாயிறு கிடங்கில் கிடக்காது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரம் தவிர்க்கவும். இன்ஷூரன்ஸ் போடுங்கள், ஆனால் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள், தொலைந்த படத்துக்கு எந்தக் கம்பெனியும் உங்கள் மனசு வைக்கிற விலையைத் தராது. அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே போனை எடுக்கச் சொன்னேன்.

வெளிநாடு என்றால் சுங்கப் படிவத்தில் 'பழைய குடும்பப் புகைப்படங்கள், சொந்த உபயோகம், விற்பனைக்கல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். வழியில் திறந்து பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்: உள்பெட்டிக்கு டேப்பைக் குறைத்து, மேலாக ஒரு தாளில் எப்படித் திரும்ப வைப்பது என்று இரண்டு வரி. நூறு வயதைத் தாண்டிய ஓவியம், கைவேலைப் பொருள் போன்றவற்றை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனி ஆட்கள் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது, ஆகவே கொள்ளுத்தாத்தா காலத்துக் கண்ணாடி ஓவியம், தஞ்சாவூர்ப் படம் எதையும் போட்டோக்களோடு சேர்த்துத் திணித்துவிடாதீர்கள். அவை தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டியிருக்கும்.

வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியது: பெட்டி வந்ததும் ஆர்வத்தில் உடனே பிரிக்க வேண்டாம். வெளியே குளிராக இருந்தால் அறைக்குள் வைத்து, குறைந்தது ஒரு இரவு கழித்து, பெட்டி அறையின் சூட்டுக்கு வந்தபிறகு பிரிக்கட்டும். பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு கேட்க உதவும். ஒருவேளை நனைந்து வந்திருந்தால், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நனைந்த ஆல்பங்களைப் பலர் அப்படியே வெயிலில் காயவைத்துச் செங்கல்லாக்கியதைப் போலச் செய்ய வேண்டாம். ஒட்டிய படங்கள் ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் விட்டால் பல சமயம் தானாகப் பிரியும். உடனே செய்ய நேரமில்லை என்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, கையால் வண்ணம் தீட்டிய படத்தைத் தண்ணீரில் போடக் கூடாது. எல்லாம் நல்லபடியாக வந்திருந்தால் சிலிக்கா ஜெல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள், எண்களை நோட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் வருகிற திங்கட்கிழமை நெகட்டிவ் பெட்டியை அனுப்பலாம்.